பதாகை பிடிக்கப் பிள்ளைகள், முடிவெடுக்கப் பெரியவர்களா?

தேர்தல் முடிந்த கையோடு எங்கள் வானொலிகளில் ஒரு பேச்சு தவறாமல் வரும். "இந்தக் காலத்துப் பிள்ளையளுக்கு அரசியலில ஒரு அக்கறையும் இல்லை. போனும் கையுமாத் திரியினம்." அழைத்துப் பேசும் நேயர் இதைச் சொல்வார், அறிவிப்பாளர் ஓம் போடுவார், அடுத்த நேயரும் அதையே வேறு சொற்களில் சொல்வார். கேட்டுக் கேட்டு எங்களுக்கும் அது உண்மை போலப் பட்டுவிட்டது.

கொஞ்சம் கணக்கைப் பார்ப்போம். கனடியத் தேர்தல் ஆணையத்தின் கணக்குப்படி, 2011 நாடாளுமன்றத் தேர்தலில் 18 முதல் 24 வயது வரையானவர்களில் 38.8 வீதத்தினர்தான் வாக்களித்தார்கள். 2015 இல் அது 57.1 வீதம். 2019 இல் 53.9. 2021 இல் 46.7. நாலு வருடத்தில் 18 புள்ளி ஏறி, அடுத்த ஆறு வருடத்தில் 10 புள்ளி இறங்கியிருக்கிறது. ஒரு தலைமுறைக்கு அக்கறை இல்லை என்றால் இந்த ஏற்றம் எங்கிருந்து வந்தது? பிள்ளைகளின் சுபாவம் நாலு வருடத்துக்கு ஒருமுறை மாறுவதில்லை. அவர்களைச் சுற்றியிருந்த நிலைமைதான் மாறியது.

2015 இல் ஹார்ப்பர் ஆட்சி போகுமா நிற்குமா என்ற உண்மையான போட்டி இருந்தது. கட்சிகளும் இளையோரைத் தேடிப் போயின. இன்னொன்றும் நடந்தது, அதைப் பற்றி எங்கள் ஊடகங்களில் அதிகம் பேச்சில்லை. தேர்தல் ஆணையம் பரீட்சார்த்தமாகச் சுமார் 40 வளாகங்களில் வாக்களிப்பு நிலையம் திறந்தது. 70 ஆயிரம் பேர் அங்கே வாக்களித்தார்கள். 2019 இல் இன்னும் பல வளாகங்களுக்கு விரித்தபோது அந்தத் தொகை 1 இலட்சத்து 11 ஆயிரத்தைத் தாண்டியது. 2021 இல் கொரோனாவையும், சிறுபான்மை அரசு எப்போது கவிழும் என்று தெரியாததையும் காரணம் காட்டி அந்த ஏற்பாட்டைக் கைவிட்டார்கள். அந்த வருடம்தான் 46.7. அது ஒன்றே காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. வகுப்புகளே பாதி இணையத்தில் நடந்த காலம் அது. ஆனாலும் "அக்கறை இல்லை" என்ற ஒற்றைச் சொல்லை விட இது எவ்வளவோ நல்ல விளக்கம்.

வளாக வாக்களிப்பு நிலையம் என்ன செய்கிறது? வாட்டர்லூவில் படிக்கும் ஸ்காபரோப் பிள்ளை, வகுப்புக்கும் வகுப்புக்கும் நடுவில் போய், தன் வீட்டுத் தொகுதி வேட்பாளரின் பெயரைச் சிறப்பு வாக்குச்சீட்டில் கையால் எழுதிப் போட்டுவிட்டு வரலாம். அது இல்லையென்றால் அந்தப் பிள்ளை அஞ்சல் வாக்குக்கு நேரத்தோடு விண்ணப்பிக்க வேண்டும், அல்லது வாட்டர்லூ முகவரிக்குப் பதிவை மாற்ற வேண்டும், அல்லது வேலைநாளில் பஸ் பிடித்து வீட்டுக்கு வர வேண்டும். பரீட்சைக் காலம் வேறு. முதல் தடவை வாக்களிக்கப் போகும் பத்தொன்பது வயதுப் பிள்ளைக்கு இதை யாராவது சொல்லிக் கொடுத்தோமா? சாரதி அனுமதிப்பத்திரம் எடுக்கப் பக்கத்தில் இருந்து பழக்குகிறோம். வரிப் பத்திரம் நிரப்பத் தெரிந்தவரிடம் கூட்டிப்போகிறோம். வாக்கை மட்டும் "அவையே பாப்பினம்" என்று விட்டுவிடுகிறோம்.

நாட்டுக்கு நாடு கதவின் அகலமும் வேறு. யாழ்ப்பாணத்திலிருந்து மாணவர் விசாவில் லண்டனுக்குப் போன பிள்ளை, பொதுநலவாய நாட்டுப் பிரசை என்பதால், அங்கே பதிவுசெய்து பிரிட்டிஷ் பொதுத் தேர்தலில் வாக்களிக்கலாம். அதே பிள்ளை ரொறொன்ரோவுக்கு வந்தால், படித்து முடித்து, நிரந்தர வதிவிட உரிமை எடுத்து, குடியுரிமை கிடைக்கும் நாள் மட்டும் வாக்கு இல்லை. இதனால் பிரிட்டனில் இருக்கும் எங்கள் மாணவர்கள் எல்லோரும் வாக்களிக்கிறார்கள் என்று நினைக்க வேண்டாம். உரிமை இருப்பதே தெரியாமல் படித்து முடித்து வெளியேறுகிறவர்கள் அங்கே நிறையப் பேர்.

அமெரிக்காவில் 1995 இல் வெர்பா, ஷ்லோஸ்மன், பிரேடி என்ற மூன்று அரசியல் அறிஞர்கள் ஒரு பெரிய ஆய்வு நூல் எழுதினார்கள். மனிதர்கள் ஏன் அரசியலில் ஈடுபடாமல் இருக்கிறார்கள் என்ற கேள்விக்கு அவர்கள் கண்டது மூன்று காரணங்கள். ஒன்று, முடிவதில்லை. இரண்டு, விருப்பமில்லை. மூன்று, அவர்களை யாருமே வாவென்று கேட்கவில்லை. வானொலி நேயர்கள் இரண்டாவதோடு நின்றுவிடுகிறார்கள். எங்கள் சமூகத்துக்குப் பொருத்தமானது மூன்றாவது என்பது என் எண்ணம். எங்களுக்கென்று நாலாவது ஒன்றும் இருக்கிறது: கேட்பதற்குப் பதிலாகத் தடுப்பது.

அந்தத் தடுப்பைக் குறை சொல்ல முதல் அது எங்கிருந்து வந்தது என்று பார்க்க வேண்டும். எங்கள் ஊரில் மாணவர் அரசியல் என்பது கழகத் தேர்தலும் விவாத மேடையும் மட்டும் அல்ல. எழுபதுகளின் தொடக்கத்தில் தரப்படுத்தல் வந்தபோது பல்கலைக்கழகக் கனவோடு இருந்த பிள்ளைகள்தான் முதலில் தெருவுக்கு வந்தார்கள். 1970 இல் தமிழ் மாணவர் பேரவை. 1974 யூன் 5 இல் உரும்பிராய் சிவகுமாரன். அவருக்கு அப்போது வயது 23. அதற்குப் பிறகு வந்த பதினைந்து வருடத்தில், படிக்கப் போன பிள்ளை வீடு திரும்புமா என்று வாசலில் நின்று பார்த்த தாய்மார் எத்தனை பேர். 1989 செப்ரெம்பர் 21 இல் யாழ். பல்கலைக்கழக மருத்துவபீட விரிவுரையாளர் ராஜினி திரணகம பரீட்சை வேலை முடித்து சைக்கிளில் வீட்டுக்குப் போகும்போது சுடப்பட்டார். மாணவர்களுக்கு மட்டுமல்ல, கற்பித்தவருக்கும் அதுதான் நடந்தது. எல்லாப் பக்கமும் துப்பாக்கி இருந்த காலம்.

போர் முடிந்தும் அது நிற்கவில்லை. 2012 நவம்பரில் மாவீரர் நாளன்று விளக்கேற்றியதைத் தொடர்ந்து யாழ். பல்கலைக்கழக மாணவர்கள் கைதுசெய்யப்பட்டு, வெலிக்கந்தைப் புனர்வாழ்வு முகாம் மட்டும் கொண்டுபோகப்பட்டார்கள். 2016 ஒக்டோபரில் குளப்பிட்டியில் இரண்டு மாணவர்கள் பொலிஸாரின் சூட்டில் இறந்தார்கள். இதையெல்லாம் பார்த்தும் கேட்டும் வந்த அம்மா, தன் பிள்ளை யோர்க் பல்கலைக்கழகத்தில் ஏதோ ஊர்வலத்துக்குப் போகிறது என்றால், "உனக்கேன் உந்தத் தேவையில்லாத வேலை, படிப்பைப் பார்" என்றுதான் சொல்வார். அந்தச் சொல்லுக்குப் பின்னால் ஒரு சாவு இருக்கிறது. இங்கே பிறந்த பிள்ளைக்கு அது தெரியாது. அம்மா சும்மா பயப்படுகிறார் என்று நினைக்கும். தெரிந்திருந்தால் இருவரும் வேறு மாதிரிப் பேசியிருப்பார்கள்.

இங்கேயும் பயப்படக் காரணமே இல்லை என்று சொல்ல மாட்டேன். 2006 ஏப்ரலில் கனடா புலிகளைத் தடைசெய்த பிறகு, எந்தக் கூட்டத்துக்குப் போகலாம், எந்தக் கொடிக்குப் பக்கத்தில் நின்று படம் எடுக்கலாம் என்பதெல்லாம் கம்பஸ் பிள்ளைகளுக்கும் கேள்வியாகிவிட்டது. அண்மையில் 2023 ஒக்டோபரில் ரொறொன்ரோ மெற்றோபொலிட்டன் பல்கலைக்கழகச் சட்ட மாணவர்கள் எழுபது பேரளவில் பலஸ்தீனம் பற்றிய ஒரு கடிதத்தில் கையொப்பமிட்டார்கள். உடனே வேலைவாய்ப்புப் பற்றிய மிரட்டல், விசாரணை. ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர் விசாரித்து, அது கருத்துச் சுதந்திரத்துக்குள் அடங்கியது, ஒழுக்கமீறல் இல்லை என்று 2024 இல் அறிக்கை கொடுத்தார். அதற்கிடையில் அந்தப் பிள்ளைகளின் முக்கியமான பல மாதங்கள் போய்விட்டன. ஆகவே தகப்பன் "வேலைக்குப் பிரச்சினை வரும்" என்று சொன்னால் அவர் கற்பனையில் பேசவில்லை. எது ஆபத்து, எது ஆபத்தில்லை என்று பிரித்துச் சொல்லாமல், வாக்களிப்பது, கட்சியில் சேருவது, நகரசபை உறுப்பினருக்கு மின்னஞ்சல் எழுதுவது எல்லாவற்றையும் ஒரே சாக்குக்குள் போட்டுக் கட்டி வைப்பதுதான் பிழை.

இனி முரணுக்கு வருவோம். படிப்பைப் பார் என்று சொன்ன அதே நாங்கள், தேவை வந்தபோது அந்தப் பிள்ளைகளைத்தான் கூப்பிட்டோம்.

2009 மே 10, அன்னையர் தினம், ஞாயிற்றுக்கிழமை மாலை. ரொறொன்ரோவில் கார்டினர் நெடுஞ்சாலையில் ஆயிரக்கணக்கில் ஏறி நின்ற கூட்டத்தில் இளையோர் எத்தனை பேர் என்று அன்று அங்கே நின்ற எவருக்கும் தெரியும். அதற்கு முன் வாரக்கணக்காக அமெரிக்கத் துணைத்தூதரகத்துக்கு முன்னால் நின்றவர்களிலும், லண்டனில் நாடாளுமன்றச் சதுக்கத்தில் நின்றவர்களிலும் மாணவர்கள் நிறைய. இறுதிப் பரீட்சைகளை விட்டுவிட்டு வந்தவர்கள் உண்டு. ஆங்கில ஊடகங்களோடு பேசியது அவர்கள். பொலிஸாரோடு பேசியதும் பெரும்பாலும் அவர்கள்தான். அடுத்த நாள் கனடியப் பத்திரிகைகளில் பாதிப் பேச்சு வாகன நெரிசலைப் பற்றி. அன்று ஒட்டாவாவில் ஒரு தமிழ் நாடாளுமன்ற உறுப்பினர்கூட இல்லை. இவ்வளவு பேர் தெருவில் நின்றும் உள்ளே எங்களுக்கு ஒரு கதிரை இல்லையே என்ற பாடத்தை அந்த வயதில் படித்த பிள்ளைகள் அதை மறக்கவில்லை.

இரண்டு வருடத்தில், 2011 மே 2 இல், ராதிகா சிற்சபையீசன் ஸ்காபரோ ரூஜ் ரிவர் தொகுதியில் புதிய ஜனநாயகக் கட்சியில் நின்று வென்றார். 1988 இல் தொகுதி உருவானதிலிருந்து லிபரல் கையில் இருந்த இடம் அது. 2015 இல் ஹரி ஆனந்தசங்கரி வந்தார். 2018 இல் ஒன்ராறியோ மாகாண நாடாளுமன்றத்துக்கு விஜய் தணிகாசலம், லோகன் கணபதி. 2022 மே 18 இல் தமிழின அழிப்பு நினைவு நாள் தீர்மானம் கூட்டாட்சி நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. 2025 இல் யுவனிதா நாதனும் ஒட்டாவா போனார். தெருவுக்கும் கதிரைக்கும் நடுவில் ஒரு வழி இருக்கிறது என்பது இதில் தெரிகிறது. அந்த வழியில் வீடுவீடாகப் படியேறிக் கதவு தட்டியவர்களில் மாணவர்கள் எத்தனை பேர் என்று எந்தப் பட்டியலிலும் இல்லை.

அந்த வழியின் முதல் படி எங்கே இருக்கிறது? பொதுத் தேர்தலில் இல்லை. கட்சிக்குள் நடக்கும் வேட்பாளர் தெரிவில் இருக்கிறது. ஒரு கட்சிக்கு உறுதியான தொகுதியில் வேட்பாளர் யார் என்று முடிவானால் உறுப்பினர் யார் என்பதும் கிட்டத்தட்ட முடிந்துபோகும். அதை முடிவுசெய்கிறவர்கள் சில நூறு பேர், மிஞ்சிப்போனால் சில ஆயிரம் பேர். லிபரல் கட்சியிலும் கன்சர்வேட்டிவ் கட்சியிலும் 14 வயதிலேயே சேரலாம். லிபரலில் 2016 இலிருந்து கட்டணமும் இல்லை. நாட்டின் பிரதமரைத் தெரிவுசெய்ய வயது போதாத பதினைந்து வயதுப் பிள்ளை, பிரதமராகப் போகிறவரைக் கட்சித் தலைவராகத் தெரிவுசெய்யலாம். வேடிக்கைதான், ஆனால் சட்டம் அப்படி.

எங்கள் வீடுகளில் இந்த உரிமை எப்படிப் பயன்படுகிறது? ஒரு பின்னேரம் தெரிந்த மாமா ஒருவர் படிவத்தோடு வருவார். தேத்தண்ணி குடிப்பார். "பதினாலு வயசுக்கு மேல எத்தினை பேர் இருக்கினம்?" என்று கேட்பார். அப்பா ஐந்து பெயரும் சொல்வார். பிள்ளை மேலே அறையில் இருக்கும். பிறகு ஒரு நாள் எல்லோரையும் வானில் ஏற்றி ஒரு மண்டபத்துக்குக் கூட்டிப்போவார்கள். "இந்தப் பெயருக்குப் போடு." பிள்ளை போடும். அந்த வேட்பாளர் கல்விக் கட்டணத்தைப் பற்றி என்ன நினைக்கிறார், வாடகையைப் பற்றி என்ன சொல்கிறார் என்று அது கேட்டதும் இல்லை, கேட்க விட்டதும் இல்லை. இதற்கும் பங்குபற்றல் என்றுதான் பெயர். எங்களுக்கு மட்டும் உரிய பழக்கமும் அல்ல. 2019 இல் டொன் வலி நோர்த் தொகுதி வேட்பாளர் தெரிவுக்கு வெளிநாட்டு மாணவர்கள் பஸ்ஸில் ஏற்றிவரப்பட்டதைப் பற்றி வெளிநாட்டுத் தலையீடு குறித்து விசாரித்த நீதியரசர் ஓக்கின் 2024 அறிக்கை பேசியது. குடியுரிமையும் இல்லாத, நிரந்தர வதிவிடமும் இல்லாத மாணவர்கள் அப்படி வாக்களிக்க அப்போது விதி இடம் கொடுத்தது. 2025 தலைமைத் தெரிவுக்கு முன்னர்தான் லிபரல் கட்சி அதை மாற்றியது. மாணவரை எண்ணிக்கையாகப் பார்க்கும் வியாபாரத்தில் எல்லாச் சமூகமும் இருக்கிறது.

மாணவர் தாங்களே முடிவெடுத்தால் என்ன நடக்கும் என்பதற்கு ஐந்து மணித்தியால ஓட்டத் தூரத்தில் உதாரணம் இருக்கிறது. 2012 இல் கியூபெக் அரசு பல்கலைக்கழகக் கட்டணத்தை ஐந்து வருடத்தில் 1,625 டொலரால் கூட்டப் பார்த்தது. பெப்ரவரியில் வேலைநிறுத்தம் தொடங்கியது. மார்ச் 22 இல் மொன்றியல் தெருக்களில் மாபெரும் ஊர்வலம். மே மாதம் ஆர்ப்பாட்டத்தைக் கட்டுப்படுத்த அவசரச் சட்டம் போட்டார்கள். சட்டியும் கரண்டியும் தட்டிக்கொண்டு அயலவர்களும் இறங்கிவிட்டார்கள். செப்ரெம்பர் தேர்தலில் அந்த அரசு தோற்றது, புதிய அரசு கட்டண உயர்வை நீக்கியது. மாணவர் தலைவர்களில் ஒருவரான லியோ பியூரோ புளூவான் 20 வயதில் மாகாண உறுப்பினரானார்.

கியூபெக் பிள்ளைகளுக்கு மட்டும் இரத்தம் சூடு என்று சிலர் விளக்கம் சொல்வார்கள். காரணம் அதைவிடச் சாதாரணமானது. அங்கே மாணவர் சங்கங்களுக்கு 1983 இலிருந்து சட்ட அங்கீகாரம் உண்டு. பீடத்துக்குப் பீடம் பொதுக்கூட்டம் கூடும். வேலைநிறுத்தம் வேண்டுமா வேண்டாமா என்று கை உயர்த்தி வாக்கெடுப்பார்கள், தோற்றவர்கள் அடுத்த கிழமை திரும்பவும் வந்து வாதாடுவார்கள். பதினேழு வயதில் சிஜெப் கல்லூரிக்குள் போகும் பிள்ளைக்கு அது பழக்கமாகிவிடுகிறது.

ஒன்ராறியோவில் எதிர்மாறு நடந்தது. 2019 ஜனவரியில் மாகாண அரசு கட்டணத்தைப் பத்து வீதம் குறைக்கிறோம் என்று அறிவித்தது, எங்கள் ஆட்களும் சந்தோஷப்பட்டார்கள். கூடவே, குறைந்த வருமானக் குடும்பப் பிள்ளைகளுக்கு ஓசாப் மூலம் கிடைத்த மானியத்தை வெட்டியது, படிப்பு முடிந்ததும் இருந்த ஆறு மாத வட்டிச் சலுகையையும் எடுத்தது. மாணவர் சங்கச் சந்தாவில் பலதை விரும்பினால் மட்டும் கட்டலாம் என்றும் ஆக்கியது. சங்கத்துக்குப் பணம் இல்லாவிட்டால் அடுத்த வெட்டு வரும்போது யார் கேட்பது? அந்தச் சந்தா உத்தரவை நீதிமன்றம் அதே வருட நவம்பரில் செல்லாது என்றது, 2021 இல் மேன்முறையீட்டு நீதிமன்றமும் அதையே சொன்னது. ஓசாப் வெட்டு அப்படியே நின்றது. தொழிற்சாலையில் இரவு வேலை செய்யும் பெற்றோரின் பிள்ளைகளை நேராகத் தாக்கிய முடிவு அது. அதைப் பற்றி எங்கள் அமைப்புகளில் எது ஒரு கூட்டம் வைத்தது? மாணவர்கள் வகுப்பை விட்டு வெளிநடப்புச் செய்தார்கள். எங்கள் வானொலியில் அன்றும் பேச்சு போனைப் பற்றித்தான் இருந்திருக்கும்.

நோர்வேயைப் பார்த்தால் இன்னும் இளமையிலேயே தொடங்குகிறார்கள். ஒவ்வொரு தேர்தலுக்கும் முன்னால் உயர்தரப் பாடசாலைகளில் கட்சிகளின் இளையோர் அணிகள் வந்து விவாதம் செய்யும், மாணவர்கள் பாடசாலைத் தேர்தலில் வாக்குப் போடுவார்கள். கம்சாயினி குணரத்தினம் அங்கே தொழிற்கட்சியின் இளையோர் அணி வழியாக வந்தவர். 2007 இல், பத்தொன்பது வயதில், ஒஸ்லோ நகரசபைக்குத் தெரிவானார். 2011 யூலையில் உட்டோயா தீவுப் படுகொலையில் நீந்தித் தப்பினார். 2015 இல் துணை மேயர், 2021 இல் நாடாளுமன்றம். பத்தொன்பது வயதுப் பிள்ளையை வேட்பாளர் பட்டியலில் போட ஒரு கட்சிக்கு மனம் வந்தது என்பதைக் கவனியுங்கள். எங்கள் சங்கங்களில் பத்தொன்பது வயதுக்குக் கிடைப்பது வாசலில் சந்தனம் குங்குமம் கொடுக்கும் வேலை. கொஞ்சம் ஆங்கிலம் நன்றாகப் பேசினால் நிகழ்ச்சித் தொகுப்பு.

இங்கே ஒரு சொல் பிள்ளைகளின் பக்கமும் சொல்ல வேண்டும். கம்பஸ்களில் இருக்கும் தமிழ் மாணவர் சங்கங்கள் கலைவிழாவுக்குக் கொடுக்கும் உழைப்பில் பத்தில் ஒன்றை மாணவர் ஒன்றியத் தேர்தலுக்குக் கொடுத்தால் பெரிய வித்தியாசம் வரும். மண்டபம் பிடிக்கிறார்கள், அனுசரணை திரட்டுகிறார்கள், ஆயிரம் ரிக்கற் விற்கிறார்கள். தேர்தல் பரப்புரைக்கு வேண்டிய வேலை எல்லாம் இதுதான்! அதைத் தாங்கள் அரசியல் என்று நினைப்பதில்லை, அவ்வளவுதான். எங்களுடைய எந்தப் பிரச்சினை எடுத்தாலும் அது ஊர்ப் பிரச்சினை மட்டும்தான் என்று பெரியவர்கள் பழக்கியதும் ஒரு காரணம். ஊருக்கு நீதி கேட்கும் பிள்ளைக்குத் தன் வாடகைக்கும் கடனுக்கும் பஸ் சேவைக்கும் கேட்கத் தெரியாமல் போனால், அந்தப் பிள்ளையின் குரலுக்கு ஒட்டாவாவிலும் கனம் இருக்காது.

ஒன்ராறியோவில் நகரசபைத் தேர்தல் 2026 ஒக்டோபர் 26, திங்கட்கிழமை. பல்கலைக்கழகத் தவணை நடக்கும் காலம், பிள்ளைகள் வெளியூரில் இருப்பார்கள். மாகாண, கூட்டாட்சித் தேர்தல்களில் ஒரு முகவரிதான், ஒரு வாக்குத்தான். நகரசபைத் தேர்தலில் மாணவர்களுக்கு ஒரு விசேட ஏற்பாடு இருக்கிறது: படிப்புக்காகத் தற்காலிகமாக வேறு ஊரில் தங்கியிருக்கும் கனடியப் பிரசையான மாணவர், தன் சொந்த ஊரிலும் வாக்களிக்கலாம், படிக்கும் ஊரிலும் வாக்களிக்கலாம். மார்க்கத்தில் வீடு, கிங்ஸ்டனில் படிப்பு என்றால் இரண்டு நகரசபைக்கும் இரண்டு வாக்கு. இரண்டும் சட்டப்படி சரி. இரண்டு இடத்திலும் வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று முதலே பார்த்துக்கொள்ள வேண்டும், முகவரியைக் காட்டும் ஆவணம் வேண்டும். வாடகை ஒப்பந்தமோ பல்கலைக்கழகக் கடிதமோ போதும். இந்த வார இறுதியில் பிள்ளை வீட்டுக்கு வந்தால், சாப்பாட்டு மேசையில் இதைச் சொல்லுங்கள். யாருக்குப் போட வேண்டும் என்பதைச் சொல்ல வேண்டாம்.